கடற்பாசியைச் சமைக்கலாமா? – கண்டக்குழி மாதரின் கேள்விகளை முன்வைத்து ஒரு பாடம்

கற்பிட்டிக் குடாநாட்டில் கண்டக்குழி திறந்த கடலைப் பார்த்திருக்கும் கிராமம். மேற்கே பெருங்கடல், கிழக்கே, மணல் நிலத்தைக் கடந்தால் புத்தளம் களப்பு. இரண்டு நீருக்கும் நடுவில் வாழும் இவ்வூர்ப் பெண்களோடு எதைப் பேசத் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் அடுப்படிக்கு வந்துவிடும். சேமிப்பைப் பற்றிப் பேசப் போனால் கருவாட்டுக் குழம்பு வரும். சுகாதாரம் பற்றிப் பேசப் போனால் உமிரிக் கீரையின் உப்பை எப்படி எடுப்பது என்று கேள்வி வரும். (அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மறுபடி புதுநீரில் அவிக்க வேண்டும். அதற்கு மேல் உப்புப் போடத் தேவையில்லை.) அக்கேள்விகளுள் அடிக்கடி வருவதும், நாம் உடனே பதில் சொல்லத் தயங்கியதும் கடற்பாசி பற்றியதே.

கடையில் சிறு பைக்கற்றில் வெள்ளை நாராக வாங்கும் பாசியும் களப்பில் கிடக்கும் பாசியும் ஒன்றுதானா? ஒன்றென்றால் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? பிள்ளைக்குக் கொடுத்தால் உடம்பு தேறுமா? புதிதாகப் பிடுங்கி, வெங்காயம் பச்சைமிளகாயோடு சம்பல் போடலாமா? இவை நல்ல கேள்விகள். ஆயினும் இவற்றுள் ஒன்றுக்குப் பிழையான பதில் சொன்னால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே இக்கற்கையைச் சற்று நிதானமாக எழுதுகிறோம். குழுவாக வாசிப்போர் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

எந்தப் பாசி?

கரையில் ஒதுங்குவது எல்லாவற்றையும் நாம் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். கண்டக்குழிக் கரையில் சோழகக் காற்றுக் காலத்தில் குவியும் குப்பையைக் கிளறிப் பார்த்தால் அதில் பல இனங்கள் கலந்திருப்பது தெரியும். பட்டையாக, நாடாவைப் போல் நீண்டு, அடியில் வேரும் கிழங்குத் தண்டும் உள்ளது பாசியே அல்ல. அது சாதாழை எனப்படும் கடற்புல். மண்ணிறமாக, இலை போன்ற பகுதிகளும் மிளகளவு காற்றுக் குமிழ்களும் கொண்டது சார்காசம் என்ற பாசி. கஞ்சிக்குரியது இவை எதுவுமல்ல.

கஞ்சிக்குரிய பாசி நூல் போன்றது. மெல்லிய உருண்டைத் தண்டு, கவர் கவராகப் பிரிந்து, ஒரு சாண் அளவில் வளரும். ஈரத்தில் ஊதா கலந்த மண்ணிறமாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கும். விரலால் நெரித்தால் குருத்தெலும்பு போல விறைப்பாக இருக்கும். காய்ந்து வெளுத்தால் வைக்கோல் மஞ்சளாகி வெள்ளையாகும். விஞ்ஞானிகள் இதற்குக் கிரசிலேரியா எடுலிஸ் என்று பெயரிட்டுள்ளனர். இராமநாதபுரக் கரையோரத்தில் இதன் பெயர் கஞ்சிப்பாசி. பெயரே அதன் பயனைச் சொல்லிவிடுகிறது. தண்டில் சிறு முட்கள் போலத் தட்டுப்பட்டால் அது வேறு இனம், எடுக்க வேண்டாம்.

கடையில் விற்கும் வெள்ளை நார், அகர் அகர் என்றும் சைனா கிராஸ் என்றும் சொல்லப்படுவது, இவ்வகைச் சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி, வடித்து, உறையவைத்து, நீரை நீக்கி உலர்த்திய சாரம். எனவே முதற் கேள்விக்குப் பதில், இரண்டும் உறவு, ஆனால் ஒன்றல்ல என்பதே. கடைப் பாசி முழுதும் சாரம். களப்புப் பாசியில் சாரத்தோடு நார், உப்பு, மணல், சிறு சிப்பி எல்லாம் உண்டு. ஆகையால் கடைப் பாசியின் அளவைக் களப்புப் பாசிக்குப் பொருத்தினால் சரிவராது.

புத்தளத்தின் பெயரோடு போன பாசி

நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவ நூல்களில் இந்தப் பாசிக்கு ‘சிலோன் மொஸ்’ என்று பெயர். அது எங்கே கிடைக்கிறது என்பதற்கு அந்நூல்கள் சொல்லும் இடம் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட பெருங்களப்பு. அதாவது நம் வீட்டுக் கொல்லைப்புறம். தென்மேல் பருவக்காற்றில் களப்பு நீர் கலங்கும்போது பாசி தானாக அறுந்து மிதக்கும். இவ்வூரார் அதைச் சேர்த்துப் பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுவர். பின்பு நன்னீரில் பலமுறை கழுவி மறுபடி வெயிலில் போட, அது வெளுத்துவிடும். இந்த விவரமெல்லாம் அந்நூல்களில் இருக்கிறது.

கல்கத்தாவில் வேலைபார்த்த மருத்துவர் வில்லியம் ஓஷானசி 1830களில் இப்பாசியை ஆராய்ந்தார். (இந்தியாவில் தந்திக் கம்பி போட முன்நின்றவரும் இவரே.) உலர்ந்த பாசியில் நூற்றுக்கு 54.5 பங்கு உறையும் சாரம், 15 பங்கு மாப்பொருள், 18 பங்கு நார் என்று அவர் கணக்கிட்டார். 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலிலும் இது இடம்பெற்றது. நோயிலிருந்து தேறுவோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடிய இலகுவான ஆகாரம் என்று சேர்த்தார்கள். ஏறத்தாழ ஒரு லீற்றர் நீருக்கு 8 கிராம் பாசி போட்டால் குடிக்கும் கஞ்சி, 15 கிராம் போட்டால் ஆறியபின் கட்டியாக உறையும் என்பது அக்கால அளவு. நாமும் இதையே தொடக்க அளவாகக் கொள்ளலாம். இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எம். துரைரத்தினம் 1961இல் இந்நாட்டுக் கடற்பாசிகளைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். அதற்குப் பிறகும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் நம் அடுப்படிகளில் பாசியின் இடத்தைப் பைக்கற்று பிடித்துக்கொண்டது.

சமையலறை அறிவைச் சிறிதாக எண்ணும் சகோதரிகளுக்காக இன்னொரு செய்தி. 1881இல் ஜேர்மனியில் வால்ட்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை வளர்த்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலற்றின் மீது வளர்த்தார். வெயில் காலத்தில் அது உருகி வழிந்தது. அவருடைய மனைவி ஃபனி ஹெஸ்ஸே வெயிலிலும் உருகாத பழக்கூழ் செய்பவர். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒல்லாந்த அயலார் மூலம் அகர் அகரைப் பற்றி அவர் அறிந்திருந்தார். அதைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று கணவருக்குச் சொன்னார். செய்தி ரொபேர்ட் கொக் என்பவருக்குப் போயிற்று. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக கொக் அறிவித்தார். அவ்வாண்டுக் கட்டுரையில் அகரையும் குறிப்பிட்டார். ஆனால் யோசனை சொன்ன பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை. இன்றும் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் நம் சளியையும் சிறுநீரையும் பரிசோதிக்கும் தட்டில் இருப்பது பெரும்பாலும் பாசிச் சாரமே.

அந்தக் குணமே நமக்கும் உதவும். அகர் ஏறத்தாழ 85 பாகை வெப்பத்திலேயே உருகும். 40 பாகைக்குக் கிட்ட இறங்கினாலே உறையத் தொடங்கிவிடும். ஆகையால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும், கண்டக்குழி வெயிலிலும், நிழலில் வைத்தாலே கட்டியாகும். விலங்குப் பொருள் இல்லை என்பதால் எந்தச் சமயத்து வீட்டிலும் பயமின்றிப் பரிமாறலாம். நம் அயலிலுள்ள முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்தில் கடற்பாசி உறையவைப்பது வழக்கம். கைப்பழக்கத்தை அவர்களிடம் கேட்டுப் படிப்பதே சுருக்கமான வழி.

பச்சையாக வேண்டாம்

இனி அந்தச் சம்பல் கேள்வி. இதில் நாம் கண்டிப்பாகப் பேச விரும்புகிறோம். ‘கடலில் விளைவது, இயற்கையானது, தீங்கு செய்யாது’ என்ற எண்ணம் பிழை.

1991 ஏப்ரலில் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில், கிரசிலேரியா இனப் பாசியொன்றை உண்ட 13 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அது முன்பு மக்கள் உண்டுவந்த பாசிதான். 2002–2003 காலப்பகுதியில் பிலிப்பைன்சிலும் பாசி உண்டு மரணங்கள் நேர்ந்தன. அங்கே உண்ணப்பட்டவற்றுள் ஒன்று கிரசிலேரியா எடுலிஸ். நம் கஞ்சிப்பாசியின் அதே பெயர். 2004இல் வெளிவந்த ஆய்வு, குவாமில் கண்ட அதே நஞ்சு பிலிப்பைன்சுப் பாசியிலும் இருந்ததாகக் காட்டியது. யப்பானில் வேறொரு காரணத்தால், பதப்படுத்தாத பச்சைக் கிரசிலேரியாவை உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அங்கே கடைக்கு வரும் பாசி சுண்ணாம்பு நீரில் பதப்படுத்தப்படுவது. கரையில் தாமே பிடுங்கி அப்படியே உண்டவர்களுக்கே ஆபத்து நேர்ந்தது.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. இப்பாசியை உலகில் எத்தனையோ இலட்சம் பேர் உண்கிறார்கள். ஆனால் நம் முன்னோர் கைக்கொண்ட முறையைக் கவனியுங்கள்: காயவைத்து, பலமுறை கழுவி, மறுபடி வெளுக்கவைத்து, நெடுநேரம் காய்ச்சி, வடித்து, சக்கையை எறிந்தார்கள். பச்சைச் சம்பல் அந்த முறையில் இல்லை. இதில் நாம் புதுமை செய்யத் தேவையில்லை. நன்றாக அவித்தால் எந்த நஞ்சும் போய்விடும் என்று நம்பி அசட்டையாக இருப்பதும் கூடாது.

ஆகவே எமது ஆலோசனை இது. பாசியை இனங்காணத் தெரிந்த மூத்தவர் ஒருவர் குடும்பத்திலோ அயலிலோ இருந்தால், அவரோடு போய், அவர் வழக்கமாக எடுத்த இடத்தில் மட்டும் எடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் கடைப் பைக்கற்றை வாங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நீர் வழக்கமற்ற நிறமாக மாறியிருக்கும் நாட்களிலும், மீன் செத்து மிதக்கும் நாட்களிலும் எடுக்க வேண்டாம். இறால் பண்ணைக் கழிவுநீர் விழும் வாய்க்கால், வள்ளங்கள் எண்ணெய் மாற்றும் துறை, மலக்கழிவு சேரும் இடம் ஆகியவற்றுக்கு அருகே எடுக்கவே வேண்டாம். பாசி தான் நிற்கும் நீரிலுள்ள பார உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது; கழுவினால் மணல் போகும், உலோகம் போகாது. திறந்த கடற்கரையில் ஒதுங்கிய குவியலில் பொறுக்குவதும் கூடாது. அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் அழுகியது என்று எவருக்கும் தெரியாது. உண்டபின் வாந்தி, வயிற்றோட்டம், கைகால் இழுப்பு, உதட்டு மரமரப்பு எது கண்டாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், மீதிப் பாசியையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இராமநாதபுரத்துப் பெண்கள் பல பத்தாண்டுகளாக மூழ்கிப் பாசி எடுத்து விற்றுச் சீவிக்கிறார்கள். அகர் ஆலைகளுக்காக அடியோடு சுரண்டியதால் பாசி குறைந்தது. பின்னர் மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே எடுப்பதென்றும், இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பதென்றும் அவர்களுட் சிலர் தாமே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வீட்டுக் கஞ்சிக்குச் சிறிதளவே போதும். மிதப்பதை எடுங்கள், வேரூன்றி நிற்பதை அடியோடு இழுக்காதீர்கள்.

உறைவது வேறு, ஊட்டுவது வேறு

பிள்ளைக்கு உடம்பு தேறுமா என்ற கேள்விக்கு வருவோம். பாசிச் சாரம் நம் குடலில் செரிப்பதில்லை. அது நாராகவே நின்று மலச்சிக்கலை இளக்கும். வயிறு நிறைந்த உணர்வைத் தரும். பெரியவருக்கு, அதிலும் சீனி வியாதிக்காரருக்கு, சீனி போடாவிட்டால் அது நன்மை. ஆனால் மெலிந்த பிள்ளைக்கு அதே குணம் தீமையாகலாம். வயிறு நிறையும், சத்துச் சேராது. வெறும் பாசிக் கூழில் சீனியும் நிறமும் போட்டுக் கொடுப்பது ஊட்டமல்ல, இனிப்பு நீரை வெட்டிக் கொடுப்பதுதான்.

பாசியை ஒரு பாத்திரம் போல எண்ணுங்கள். பாத்திரத்துக்குள் என்ன போடுகிறோம் என்பதே முக்கியம். 100 கிராம் பயறில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். பிள்ளைகள் அவித்த பயற்றை ஒதுக்கினாலும், அதையே மசித்துத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துப் பாசியில் உறையவைத்து வில்லை வில்லையாக வெட்டினால் கேட்டு வாங்கித் தின்பார்கள். பாசியின் உண்மையான உதவி அதுதான்.

ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். பாசிக் கஞ்சியும் வேண்டாம். இங்கே இன்னொரு காரணமும் உண்டு. இக்குடாநாட்டு மணல் நிலத்தில் தோட்டங்களுக்கு இடும் உரம் எளிதில் அடிநீருக்கு இறங்குவதால், பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு உயர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. ஆகவே பாசியைக் கழுவக் கிணற்று நீர் போதும். காய்ச்சுவதற்குப் பரிசோதித்த நீரையோ மழைநீரையோ பாவிப்பது நல்லது.

பாசியில் அயடீன் இருப்பதால் உப்பில் அயடீன் வேண்டாமா என்று சிலர் கேட்டனர். பலமுறை கழுவிக் காய்ச்சிய பாசியில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல இயலாது. உப்பளத்து மூட்டை உப்பை விட்டு, அயடீன் சேர்த்த பைக்கற்று உப்பையே பாவியுங்கள். கழுத்துச் சுரப்பி நோய்க்கு மருந்து எடுப்போர் பாசி உண்ணுமுன் வைத்தியரைக் கேட்கவும்.

காய்ச்சும் விதம்

வெளுத்து உலர்ந்த பாசி 15 கிராம், அதாவது தளர்வாக ஒரு பெரிய கைப்பிடி, எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் கொட்டிச் சிப்பி, கல், வேற்றுப்பாசி பொறுக்குங்கள். இந்தப் பொறுக்கலை அவசரத்தில் விடுவோர் பல்லை உடைத்துக்கொள்வார்கள். இரவு முழுதும் நன்னீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றுங்கள். கடல் மணம் போகாவிட்டால் கடைசி நீரில் சிறிது தேசிப்புளி விட்டு அலசி, மறுபடி வெறும் நீரில் கழுவுங்கள்.

ஒரு லீற்றர் நீரில் போட்டு, மெல்லிய தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காய்ச்சுங்கள். நூல்கள் கரைந்து நீர் கொழகொழப்பாகும். சூட்டோடு மெல்லிய துணியில் வடியுங்கள். ஆறவிட்டால் துணியிலேயே உறைந்துவிடும். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஆடை கட்டினால் போதும். இல்லாவிட்டால் இன்னும் சிறிது வற்றவிடுங்கள். களப்புப் பாசி கடைப் பாசியைப் போல் விறைப்பாக உறையாது, சற்று இளக்கமாகவே நிற்கும். அது குறையல்ல.

தேசிப்புளியில் எமக்கு ஒரு பாடம் கிடைத்தது. நாம் முதன்முறை காய்ச்சியபோது, ருசிக்காகக் கொதிக்கும் கலவையிலேயே புளியைப் பிழிந்துவிட்டோம். ஒரு மணி நேரம் காத்திருந்தும் தட்டில் தண்ணீர்தான் நின்றது. சுற்றியிருந்த பெண்கள் சிரித்ததோடு, அதைக் குடித்தும் தீர்த்தார்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் சாரத்தின் உறையும் தன்மை முறிந்துவிடும். புளிப்பானது எதையும் அடுப்பிலிருந்து இறக்கியபின்பே சேர்க்க வேண்டும்.

பயற்றங் கூழுக்கு: வறுத்துக் கோது நீக்கிய பயறு 100 கிராம் அவித்து மசித்து, வடித்த பாசி நீர் மூன்று கோப்பையில் கரைத்து, கரைத்து வடித்த கருப்பட்டி அரைக் கோப்பையும் ஒரு சிட்டிகை உப்பும் ஏலமும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். இறக்கும் தறுவாயில் கட்டித் தேங்காய்ப்பால் ஒரு கோப்பை விட்டுக் கலக்கித் தட்டில் ஊற்றுங்கள். முட்டை சேர்ப்பதானால், அடித்த முட்டையில் சூடான பாசி நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, மெல்லிய தீயில் தடிக்கும் வரை கிண்டுங்கள். பச்சை வாடை போகும் வரை இறக்க வேண்டாம். காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு உறையவைக்கத் தேவையில்லை. 8 கிராம் அளவில் காய்ச்சிய நீரில் குழைந்த சோறு, உள்ளி, மிளகு, சிறிது தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியாகக் கொடுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றே முடித்துவிட வேண்டும்.

குழுவில் பேச

உங்கள் ஊரில் கஞ்சிப்பாசியை இனங்காணத் தெரிந்த மூத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, ஒரு கூடைப் பாசியைக் கொட்டி, எது கூடும் எது கூடாது என்று இளம் பெண்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

களப்பில் இப்போது எந்தெந்த இடங்களில் கழிவுநீர் சேர்கிறது? நிலத்தில் குச்சியால் களப்பின் படம் வரைந்து அவ்விடங்களைக் குறியுங்கள்.

உங்கள் கிணற்று நீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அதைக் கேட்டு வருவதற்கு இருவரைத் தெரிவுசெய்யுங்கள்.